கண்ணுக்குள் ஒரு நுங்கு

எங்கள் அப்பத்தா சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினால் ஒரு கல் தப்பாது. எழுபது வயதைத் தாண்டியபிறகு சோற்றில் கல் கடிபட ஆரம்பித்தது. "கண்ணுல புகை அடைஞ்ச மாதிரி இருக்குடா" என்றாள். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." நாங்களும் காத்திருந்தோம். இரண்டு வருஷம் அவள் சுவரைத் தடவித் தடவித்தான் கொல்லைக்குப் போய்வந்தாள். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த இரண்டு வருஷத்தை வீணாக்கியிருக்க மாட்டோம்.

முதலில் கண்ணுக்குள் போவோம். கருவட்டத்தின் நடுவில் இருக்கும் கண்மணிக்குச் சற்றுப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. சீவிய பனங்காயில் பெருவிரல் விட்டு எடுக்கிறோமே, அந்த இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே கண்ணாடி போன்ற சதை. கண்ணின் நுங்கும் அப்படித்தான். என்ன, அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். வெளிச்சம் அதன் வழியாகப் போய், கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் படமாக விழுகிறது.

அடுத்து, அது ஏன் மங்குகிறது? லென்ஸில் பெரும்பகுதி தண்ணீர், மீதி புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் அதே சேர்க்கைதான். பச்சையாக இருக்கும்போது அடியில் கிண்ணம் தெரிகிறது. சூடு பட்டதும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வெள்ளையாகிவிடுகின்றன. கண்ணில் அடுப்பு இல்லை. ஆனால் வயது, வெயில், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. இதுதான் புரை. வெந்த முட்டையை எந்த மருந்து ஊற்றியும் பச்சை முட்டையாக்க முடியாது. அதனால்தான் சொட்டு மருந்தால் புரை கரையாது. எடுத்துவிட்டு வேறு வைப்பதுதான் வழி.

எப்படி எடுக்கிறார்கள்? முன்பெல்லாம் நுங்கைத் தோலோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். உள்ளே லென்ஸே இல்லாததால் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான். இப்போது தோலை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், சதையை மட்டும் எடுக்கிறார்கள்.

முதலில் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி. பிறகு வெள்ளை விழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக ஒரு சுரங்கம் வெட்டுகிறார்கள். நேராக வெட்டினால் தைக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் வேண்டாம். தலையணை உறையில் உள்ளே மடங்கியிருக்கும் துணிமடிப்பைப் பாருங்கள். பஞ்சு அமுக்க அமுக்க மடிப்பு தானாகவே வாயை மூடிக்கொள்கிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் அப்படியே சுரங்கத்தின் உள்வாயை அழுத்தி மூடிவிடுகிறது. நூல் செலவு மிச்சம், தைக்கும் நேரம் மிச்சம். மலிவான கண் சிகிச்சையின் பாதி ரகசியம் இந்தச் சாய்வு வெட்டுக்குள் இருக்கிறது என்பேன். நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் இந்த முறையைச் செம்மைப்படுத்தி மலைக்கிராமங்களுக்கே கொண்டுபோனார்.

பிறகு, வெண்டைக்காய் வழவழப்பு மாதிரி ஒரு தெளிந்த கூழை உள்ளே செலுத்துகிறார்கள். இடம் சுருங்காமல் இருக்கவும், பக்கத்துப் பகுதிகளில் கீறல் விழாமல் இருக்கவும் அது. நுங்கின் முன்தோலில் வட்டமாக ஒரு வாய் திறக்கிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தோலையும் சதையையும் பிரிக்கிறார்கள். சதை நழுவி வெளியே வந்துவிடும். பின்தோல் கிழியக் கூடாது. அது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது "முத்தட்டும்" என்ற பேச்சுக்கு வருவோம். இளநுங்கு விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வரும். முற்றிய நுங்கு கல்லாகிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய முறையில் முற்றும்வரை காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இன்று காத்திருந்தால் வேலைதான் கடினமாகிறது.

காலியான தோல்பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதலில் இதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் அக்ரிலிக் துண்டுகள் உள்ளேயே கிடந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பொருளில்தான் லென்ஸ் செய்தார்.

துளியூண்டு பிளாஸ்டிக்தான். ஆனால் இறக்குமதி செய்தால் நூறு டாலரை ஒட்டி விலை இருந்தது. ஏழை நாடுகளில் எத்தனை பேரால் முடியும்? அப்பளம் கடையில் விலை அதிகம் என்றால் வீட்டிலேயே இடுவோம் இல்லையா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதைத்தான் செய்தது. 1992-இல் அமெரிக்கரான டேவிட் கிரீனின் துணையோடு ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, லென்ஸைத் தானே தயாரித்தது. விலை பத்து டாலருக்கும் கீழே வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து பொருள்கள் போகின்றன.

அரவிந்தைத் தொடங்கியவர் டாக்டர் கோவிந்தப்பா வேங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார்.

அங்கே அறுவை அரங்கு எப்படி ஓடுகிறது என்று தெரிய, மதுரையில் எந்தப் பரோட்டா கடை முன்னாலும் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஒருவர் மாவு பிசைகிறார், ஒருவர் உருண்டை பிடிக்கிறார், ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார். மாஸ்டர் வீசுகிறார், சுற்றுகிறார், கல்லில் போடுகிறார். எழுந்து போய் எண்ணெய் டின் தூக்குவதில்லை. அதேபோல் மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் ஆள் தயாராகிவிடுகிறார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும், நுண்ணோக்கியும் கூடவே திரும்புகிறது. ஓர் அறுவைக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் செய்கிறார். சுற்றி நிற்பவர்கள் பள்ளிப்படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். பார்வை அளப்பது, லென்ஸின் பவருக்கு அளவெடுப்பது, கருவிகளை அடுக்குவது எல்லாம் அவர்கள் கை. இந்த ஏற்பாடு ஓடுவதே அந்தப் பெண்களால்தான்.

சரி, காசு? கிரைண்டரை வாங்கிவிட்டால் ஒரு வீட்டுக்கு மாவு அரைத்தாலும் தெருவுக்கே அரைத்தாலும் கிரைண்டர் விலை ஒன்றுதான். அறுவைகள் கூடக் கூட ஒவ்வொன்றின் தலையிலும் விழும் செலவு குறைகிறது. பணம் கட்டுபவர்கள் கட்டுகிறார்கள்; அந்த மிச்சத்தில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது.

இலவசம் என்றாலும் ஆள் வருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். பஸ் காசு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, ஆட்டை யார் பார்ப்பது என்ற கவலை எல்லாமே செலவுதான். அதனால் ஊரிலேயே கண் முகாம் நடத்தி, அங்கிருந்தே வண்டி ஏற்றி, சோறு போட்டு, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவிடுகிறார்கள். சிறு ஊர்களில் கண் மையங்களும் திறந்தார்கள். பெரிய சந்தைக்குப் போக முடியாதவர்களுக்குத் தெருமுனைக் கடை மாதிரி. பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிக்கிறார், மருத்துவர் வீடியோவில் பேசுகிறார்.

எல்லாப் பார்வைக் குறைவும் புரை அல்ல. கண் நீர் அழுத்த நோயிலும் சர்க்கரை நோயிலும் விழித்திரையோ கண் நரம்போ கெட்டு, போன பார்வை திரும்பாமலே போகலாம். எது என்று கண்டுபிடிக்கவும் சீக்கிரம் காட்டத்தான் வேண்டும்.

எங்கள் அப்பத்தாவுக்குக் கட்டுப் பிரித்த காலையில் அவள் முதலில் பார்த்தது என் சட்டையை. "இம்புட்டு அழுக்கையா போட்டுக்கிட்டுத் திரியிற?" என்றாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் படி இறங்கத் தயங்கினாலோ, ஆளைக் குரலை வைத்து அடையாளம் கண்டாலோ, முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.