அம்மாவின் பாயும் நான் வாங்கிய மெத்தையும்

எங்கள் ஊர் படுவான்கரையில் இருக்கிறது. எமது வழக்கப்படி மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்குத்தான். தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு சிறு அறையையோ குசினிப் பக்கத்தையோ தமக்கென்று வைத்துக்கொள்வார்கள். எனக்கும் அப்படித்தான் வீடு வந்தது. வீட்டோடு கட்டிலும் மெத்தையும் வந்தன. அம்மா தனது பன்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். அதை நான் அன்று ஒரு விடயமாகவே நினைக்கவில்லை.

சென்ற வருடம் மாரி தொடங்கிய நாட்களில் ஒருநாள் நடுச்சாமத்தில் எழும்பிப் போனபோது, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனம்மா படுக்கல்ல?"

"ஒண்டுமில்ல புள்ள. கிறுகிக் கிறுகிப் படுத்தாலும் இடுப்பு எலும்பு நோகுது. கொஞ்சம் இருந்திட்டுப் படுப்பம்."

பல மாதங்களாக அப்படித்தானாம். அம்மாவுக்கு 69 வயது. சீனி வருத்தம் வந்தபின் உடம்பு நன்றாக மெலிந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கும்போது தரையில் முட்டும் இடுப்பெலும்பின் மேல் தோல் கறுத்துத் தடித்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே பட்டணத்துக்குப் போனேன். "கட்டியான மெத்தைதான் நாரிக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கடையில் இருந்தவற்றுள் ஆகக் கட்டியானதைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கினேன். அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. அழுக்குப் பிடிக்கக் கூடாதென்று பொலித்தீன் உறையையும் கழற்றாமல் அதன்மேல் துணியை விரித்தேன். மூன்று கிழமையில் அம்மா திரும்பவும் பாய்க்கே வந்துவிட்டார். இடுப்போடு தோள்மூட்டும் நோகத் தொடங்கியிருந்தது. பாவித்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

நோவு எங்கிருந்து வருகிறது?

அதன்பிறகுதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இயன் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நாம் படுக்கும்போது உடம்பின் பாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. மல்லாந்து படுத்தால் பின்தலை, தோள்பட்டை, முழங்கை, நாரியின் கீழெலும்பு, குதிக்கால் ஆகியவையும், ஒருக்களித்தால் தோள், இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவையும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அந்த இடங்களில் சதை குறைவு. எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தோல் நசுங்கும்போது அங்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் நோகிறது. நாமும் நித்திரையிலேயே புரண்டு படுக்கிறோம்.

ஆகவே மெத்தையின் வேலை இரண்டு. முட்டும் எலும்பைச் சற்று உள்ளே இறங்கவிட வேண்டும். இடுப்பு மடிந்து தொய்யாமல் உடம்பைத் தாங்கவும் வேண்டும். கட்டியான மெத்தை முதல் வேலையைச் செய்யாது. மிக மென்மையானது இரண்டாவதைச் செய்யாது. ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரை இரு பகுதியாகப் பிரித்து 90 நாட்கள் ஆராய்ந்தார்கள். 2003 இல் வெளிவந்த அந்த ஆய்வில், கட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கட்டியில் படுத்தவர்களுக்கே நோவு கூடுதலாகக் குறைந்திருந்தது.

எதைப் பார்த்து வாங்குவது?

படுக்கப் போகிறவரைக் கூட்டிப்போங்கள். வெட்கப்படாமல் கடையிலேயே, தான் வழக்கமாகப் படுக்கும் பக்கமாக, பத்து நிமிடமாவது அவர் படுத்துப் பார்க்கட்டும். பின்னால் நின்று பார்த்தால் கழுத்திலிருந்து நாரி வரை முதுகெலும்பு ஒரே கோடாக இருக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது நாரிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கட்டி கூட. கையை நுழைக்கவே முடியாமல் உடம்பு புதைந்திருந்தால் மென்மை கூட. மெலிந்தவருக்கு மென்மை சற்றுக் கூடுதலாகவும், பருத்தவருக்குத் தாங்கும் பலம் கூடுதலாகவும் வேண்டும். வயதானவர் தானாகப் புரண்டு எழும்ப முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இலவம் பஞ்சு மெத்தை காற்றோட்டமானது. ஆனால் நாளடைவில் கட்டிபட்டுப் பள்ளம் விழும். அடிக்கடி வெயிலில் போட்டு, பஞ்சை உதறி மீண்டும் அடைக்க வேண்டும். தும்பு மெத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் மெலிந்த உடம்புக்குத் தனியே போதாது. மலிவான ஸ்பொஞ்சு விரைவில் அமுங்கிவிடும். ஒரே அளவான இரண்டு ஸ்பொஞ்சைத் தூக்கிப் பார்த்தால் பாரமானதுதான் அடர்த்தி கூடியது. உடம்பின் சூட்டில் இளகும் நினைவு ஸ்பொஞ்சு எலும்பு முட்டும் இடத்துக்கு இதமானது, ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும். எமது வெக்கைக்கு எல்லோருக்கும் ஒத்துவராது. இறப்பர்ப் பாலில் செய்த மெத்தை அமுங்கவும் செய்யும், உடனே நிமிரவும் செய்யும். 1876 இல் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு எமது நாட்டுக்கு வந்த மரத்தின் பால்தான் அது. விலைதான் கூட.

எதை வாங்கினாலும் பொலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள். வியர்வை தங்கி ஊறிய தோல் விரைவில் உரசிப் புண்படும்.

படுக்கையோடு இருப்பவர்களுக்கு

பாரிசவாதத்தாலோ முள்ளந்தண்டுக் காயத்தாலோ தானாகப் புரள முடியாதவர்களுக்கு எந்த மெத்தையும் தனியே போதாது. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் லுட்விக் குட்மான் முள்ளந்தண்டு நோயாளருக்கான பிரிவைத் தொடங்கியபோது, இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டச் செய்தார். முன்பு படுக்கைப் புண்ணால் இறந்துபோன பலர் அவ்வாறு பிழைத்தார்கள். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை உதவும், ஆனாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிக்காலை மெத்தையில் தொடாமல் உயர்த்தி வையுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளையங்களை வைக்க வேண்டாம். அவை சுற்றியுள்ள தோலின் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். எமது கறுத்த தோலில் சிவப்பு இலகுவில் தெரியாது. ஓரிடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கட்டிபட்டோ இருந்தால் அதைத் தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாந்தீவை எமக்கெல்லாம் தெரியும். வாவியின் நடுவில் தொழுநோயாளர் ஆஸ்பத்திரி இருந்த தீவு. அந்த நோயாளரின் கால்களில் புண் வந்துகொண்டே இருப்பது ஏன் என்பதை, 1946 முதல் வேலூரில் பணிசெய்த வைத்தியர் போல் பிராண்ட் எடுத்துக்காட்டினார். உணர்ச்சி அற்றுப்போன காலுக்கு நோவு தெரியாது. நோவு தெரியாததால் அழுத்தம் விழும் இடத்திலேயே மீண்டும் மீண்டும் மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சீனி வருத்தத்தாலும் கால் மரத்துப்போகும். அப்படியானால் நோவு எமக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை இருந்தும் "ஒண்டுமில்ல" என்று மறைப்பதுதான் எமது தாய்மாரின் பழக்கம்.

அம்மாவிடம் கேட்டேன், ஏன் முன்பே சொல்லவில்லையென்று.

"பாய் எண்டா சுருட்டிக்கொண்டு போகலாம் புள்ள. மெத்தையத் தூக்கிக்கொண்டு எங்க ஓடுற?"

2007 இல் படுவான்கரையே இடம்பெயர்ந்தபோது அந்தப் பாயோடுதான் அம்மா வாவியைக் கடந்தார். 2011 ஜனவரி வெள்ளத்தில் எனது மெத்தை ஊறி நாறியது. அம்மாவின் பாய் ஒரே வெயிலில் காய்ந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கட்டியான மெத்தையை நான் வீசவில்லை. அதன் பொலித்தீனைக் கழற்றி, மேலே விரிக்க இரண்டு அங்குலத் தடிப்பில் இறப்பர்ப் பால் விரிப்பு ஒன்று வாங்கினேன். இம்முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் போனேன். அவர் கடையில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடி, நானே பயப்படும் அளவுக்கு நேரம் கிடந்தார். முழங்கால்களுக்கு நடுவில் வைக்க ஒரு தலையணையும் எடுத்தோம். இடுப்பு நோவு முற்றாகப் போகவில்லை. வைத்தியர் சொன்ன பயிற்சிகளும் தொடர்கின்றன. ஆனால் தோல் தெளிந்துவிட்டது. இப்போது விடியும்வரை நித்திரை கொள்கிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா செய்த முதல் வேலை, அந்த விரிப்பை ஒரு முனையிலிருந்து சுருட்டிப் பார்த்ததுதான்.

"இதையும் சுருட்டலாம்" என்றார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ இன்றிரவு எதில் படுக்கிறார் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.