“மருந்து ஒண்ணுதான், கம்பெனிதான் வேறே”

மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் மருந்துக் கடை வாசலில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. சீட்டில் எழுதிய இன்ஹேலர் கடையில் இல்லை. கடைக்காரர் வேறொன்றை நீட்டி, “மருந்து ஒண்ணுதான், கம்பெனிதான் வேறே” என்கிறார். முந்திரி ஆலைப் புகையிலும் விறகடுப்பிலும் நெஞ்சு கெட்டுப்போன பெரியம்மா அதை நம்பி வாங்கிப் போகிறார். சில நாளில் ராத்திரி இழுப்பு. பிறகு ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி.

மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கருவி மாறினால் இழுக்கும் முறை மாறும். அழுத்தும் பம்பில் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். மூச்சில் பலமில்லாத முதியவருக்கு அந்தப் பொடி தொண்டையோடு நின்றுவிடும். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அரசு மருந்தகக் கவுன்டரில் இருப்புக்கேற்பக் கருவியை மாற்றிக் கொடுக்கும்போது, இழுத்துக் காட்டச் சொல்ல அரை நிமிடம் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்?

கடைக்காரர் அப்படி மாற்றித் தரக் கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11A) இதைத் தெளிவாகச் சொல்கிறது: எச் அட்டவணை (மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்) மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மருந்துப்பொருள் அடங்கியதாக இருந்தாலும், வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. இன்ஹேலர் மருந்துகளான சால்பியூட்டமாலும் புடசொனைடும் அந்த அட்டவணையில்தான் வருகின்றன.

விலைக்காகவோ இருப்புக்காகவோ மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மாற்ற வேண்டியவர் மருத்துவர். பழைய கருவியையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்தின் பெயர், அளவு (பெட்டியில் 6/200 என்பதுபோல் இருக்கும்), பம்பா கேப்சூலா, தினம் எத்தனை முறை, இவற்றோடு “பழையதை நிறுத்தவும்” என்பதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாமல்தான் பலர் பழையதையும் புதியதையும் சேர்த்து இழுக்கிறார்கள். அங்கேயே அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.

‘ஸ்டீராய்டு’ என்று பயந்து தினசரி இன்ஹேலரை விட்டுவிட்டு, இழுப்பு வரும்போது மட்டும் சால்பியூட்டமால் அடிப்பவர்களே, அது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்காது. ஸ்டீராய்டு இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால்? பில் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பில் கேட்க வெட்கப்படுகிற ஊர் இது! பில், சீட்டு இவற்றின் நகல், பேட்ச் எண் தெரியும்படி பெட்டியின் படம் ஆகியவற்றோடு மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே அசைவில்லை என்றால், நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

பேச முடியாமல் மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ புகாரெல்லாம் அப்புறம். 108-ஐ அழையுங்கள்; வண்டியில் ஏறும்போது இழுத்துக்கொண்டிருந்த இன்ஹேலரையும் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.