பேட்டரி மேல் பழி போடும் முன்...

வண்டி, பேட்டரி என்றால் ஆண்கள் சமாசாரம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் சகோதரிகளே! வண்டி படுத்துக் கொண்டால் அடகுக் கடைக்குப் போவது நம் காதுத் தோடுதானே? அதனால்தான் பத்தாவது வரை மட்டுமே படித்த நான், எங்கள் வீட்டில் கற்றுக் கொண்டதை வாசகிகளுக்குச் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

எங்களுக்குச் சாயல்குடி பக்கம் மாரியூர். பூவேந்தியநாதர் கோயில் இருக்கிற கடற்கரை ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். என்னவர் டீசல் லோடு ஆட்டோ வைத்து மீன், கருவாடு, உப்பு மூட்டை என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு வண்டியை நம்பித்தான்.

அந்த வண்டி 14 மாதத்தில் இரண்டு பேட்டரியைத் தின்றது. தினமும் ஓடினால் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் லோடு இல்லாமல் நின்று விட்டால் மூன்றாம் நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். ஒரு நாள் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு வண்டி கிளம்பவே இல்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். மெக்கானிக், "பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திருங்க" என்றார். பேட்டரி விற்ற கடையிலோ, "அடியோட காலியாக விட்டா காரன்ட்டி கிடையாது" என்று கையை விரித்து விட்டார்கள். மூன்றாவது பேட்டரிக்கு 5,000 ரூபாய்க்கு எங்கே போவது? என்னவர் என் தோட்டைப் பார்த்தார்.

"புதுசு வாங்கி அஞ்சு மாசம்தானே ஆகுது? எதனால போகுதுன்னு தெரியாம இன்னொண்ணு வாங்கினா அதுவும் போகாதா?" என்று கேட்டேன். "உனக்கென்ன தெரியும் வண்டியைப் பத்தி" என்றார். வண்டியைப் பற்றித் தெரியாதுதான். ஆனால் ராமநாதபுரத்துப் பெண்ணுக்குத் தண்ணீர்க் குடத்தைப் பற்றித் தெரியாதா? ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் என் மூத்த மகன், "அம்மா, பேட்டரியும் குடம் மாதிரிதாம்மா" என்று சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

காலையில் குடம் காலியாகக் கிடந்தால் நான்கு காரணம் இருக்கலாம். குழாயில் தண்ணீர் சரியாக வந்திருக்காது. குடத்தின் வாய் அடைத்திருக்கும். ராத்திரியில் யாராவது மொண்டு குடித்திருப்பார்கள். கடைசியாகத்தான் குடம் ஓட்டை. நாம் எடுத்த எடுப்பில் குடத்தைத் தூக்கிப் போடுவோமா? மற்ற மூன்றையும் பார்ப்போம் இல்லையா? மகன் தன்னுடைய மல்டிமீட்டரை எடுத்து வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் குழாய். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் பேட்டரியை நிரப்புகிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே. நன்றாக நிரம்பி, சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் 14.1 இருந்தது. ஆக, குழாய் சரி.

இரண்டாவது, குடத்தின் வாய். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எங்கள் கடற்கரைக் காற்றுக்கு இரும்பே தாங்காது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை இந்த உப்புக் காற்று அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி பெயின்ட்டும் போட வேண்டி இருந்தது. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது நம் மக்கள் 'சிக்ரி' என்று சொல்வது, இந்த அரிப்பைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஓர் இடம் வைத்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம் அது. பேட்டரி ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. நம் வாசலிலேயே இவ்வளவு இருக்கிறது பாருங்கள்!

முனையில் பூத்திருந்தால் பேட்டரியில் சக்தி இருந்தும் வெளியே வராது. மகன் முதலில் மைனஸ் வயரைக் கழற்றினான், பிறகு பிளஸ். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. இந்த வரிசை முக்கியம். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் பிரஷால் தேய்த்ததும் நுரைத்துக் கொண்டு வந்தது. நன்றாகத் துடைத்துக் காய வைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம். வண்டி சட்டென்று கிளம்பியது. என்னவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரண்டு நாள் நின்றதும் மறுபடியும் 'டிக்'!

மூன்றாவது, ராத்திரியில் குடிக்கிற ஆள். சாவியை எடுத்து, விளக்கை எல்லாம் அணைத்த பிறகு, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பார்த்தான். (அப்போது யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மீட்டர் போய்விடும்.) பொதுவாக 0.05 ஆம்பியருக்குள்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் வண்டியில் 0.7! ஒரு நாளைக்கு 24 மணி நேரம், இரண்டு நாளைக்கு 48. கணக்குப் போட்டால் 33 ஆம்பியர் மணிக்கும் மேல். எங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 50 தான். பிறகு எப்படி டீசல் எஞ்சினைச் சுற்றும்?

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். எந்த ஃபியூஸில் மீட்டர் இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன். எல்லாவற்றையும் பிடுங்கியும் இறங்கவில்லை. மகன் விழித்தான். எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. காலையில் வண்டியைக் கூட்டித் துடைக்கும்போது, சீட்டுக்கு அடியில் இருக்கும் பாட்டு ஆம்ப்ளிஃபையர் பெட்டி, பனிக் காலத்தில்கூட வெதுவெதுப்பாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது ஏன் சுட வேண்டும்? "அதுக்கு வயர் எங்கேருந்துடா வருது?" என்றேன்.

தீபாவளிக்கு ஒரு கடையில் மாட்டிய பெட்டி அது. சாவி போட்டால்தான் உயிர் வர வேண்டிய வயரையும் பேட்டரியிலேயே நேராகச் சேர்த்து விட்டிருந்தார்கள். நடுவில் ஃபியூஸும் இல்லை. வயர் உரசித் தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த வயரைச் சாவி வழியாக மாற்றி ஃபியூஸும் போட்டதில் 300 ரூபாய்தான் செலவு. மீட்டர் 0.02-க்கு இறங்கியது. பேட்டரியை மெதுவாக முழு சார்ஜ் செய்து, கடையில் லோடு டெஸ்ட்டும் பார்த்தோம். பேட்டரியில் கோளாறே இல்லை! எட்டு மாதமாக அதே பேட்டரிதான் ஓடுகிறது.

ஆனால் ஒன்று. இப்படி அடிக்கடி அடியோடு காலியானால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் கெட்டியாக ஒரு படிவு படியும். அது முற்றினால் நல்ல குடமும் ஓட்டைக் குடம்தான். எங்கள் முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஆகவே தள்ளித் தள்ளி நாளைக் கடத்தாதீர்கள்.

நம் ஸ்கூட்டிக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் சேர்த்துச் சில குறிப்புகள்:

* தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டவே வேண்டாம். ஆசிட்டும் ஊற்றக் கூடாது.

* பேட்டரி பக்கம் குனியும் முன் தாலிச் செயினை உள்ளே செருகிக் கொண்டு, வளையல், மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். இரண்டு முனையிலும் பட்டால் தீப்பொறி பறந்து தோல் பொசுங்கி விடும்.

* சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் விளக்கோ, ஊதுவத்தியோ, பீடியோ கூடாது. குழந்தைகளை விடாதீர்கள்.

* வண்டி பல நாள் நிற்கப் போகிறது என்றால் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள்.

அடுத்த முறை யாராவது "பேட்டரி போச்சு" என்றால், "குழாய், வாய், ராத்திரி ஆள், மூணையும் பாத்தாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை, காசும் செலவில்லை. தோடு காதிலேயே இருக்கும்!

- ஒரு வாசகி, மாரியூர்.