உங்களுக்குத் தெரியுமா? கறி தடுக்கும், சேவு வழுக்கும்

● டாக்டர்கள் ‘ஸ்லீவ்’ என்று சொல்லும் ஆபரேஷனை அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. தறியும் தையலும் புழங்குகிற ஊர். ஸ்லீவ் என்றால் ஜாக்கெட் கை. பை போல உப்பியிருக்கும் இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி, ஜாக்கெட் கை மாதிரி ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுகிறார்கள். திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் மதினிக்கு மதுரையில் இதைச் செய்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் இதற்குப் பெயர் ‘வயித்தைச் சுருக்குற ஆபரேஷன்’. பேரியாட்ரிக் என்பதன் வேர் ‘பாரோஸ்’, கிரேக்கத்தில் எடை என்று பொருள். மதினி அதை ‘பாரி ஆப்ரேசன்’ ஆக்கிவிட்டார். அள்ளிக் கொடுத்த வள்ளல் பேரில் வயிற்றைச் சுருக்குவது கொஞ்சம் அநியாயம்தான்.

● வெட்டும்போது அளவு தப்பாமல் இருக்க, வாய் வழியாக ஒரு குழலை இறக்கி அதை ஒட்டியே வெட்டுகிறார்கள். அந்தக் குழல் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனம்தான், சுண்டுவிரல் பருமன். தையலுக்கு டைட்டானியம் பின்கள். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வெளியே வந்துவிடும். அதோடு சேர்ந்து, ‘கிரெலின்’ என்ற பசி ஹார்மோனை அதிகம் சுரக்கும் மேல்பாகமும் போய்விடுகிறது. 1999ல்தான் ஜப்பானியர்கள் இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். “சாப்பிடவே மறந்துட்டேன் தம்பி” என்று இரண்டாவது மாசம் மதினி சொன்னபோது வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

● இந்த ஸ்லீவ் முதலில் முழு வைத்தியமே இல்லை. எடை மிக அதிகமாக இருந்தவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்தால் ஆபத்து என்று, முதல் தவணையாகச் செய்தார்கள். இரண்டாம் தவணைக்கு வரவேண்டியவர்களில் பலர் முதல் தவணையிலேயே இளைத்துப்போனார்கள். தவணையே தனி வைத்தியமாகிவிட்டது.

● எடை இறங்கும்போது, ஆபரேஷன் நடந்த விஷயம் உடம்புக்குத் தெரியாது. தாது வருஷப் பஞ்சம் மறுபடி வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்ளும். 1876-78ல் சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போன பஞ்சம் அது. வானம் பார்த்த பூமியில் குடும்பம் நடத்தியவர் கெட்ட வருஷத்தில் எப்படிச் செலவைச் சுருக்குவாரோ, அப்படியே உடம்பும் சுருக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிக்கிற கலோரியைக்கூடக் குறைத்துவிடும். பிறகு மெல்ல மெல்ல பசியைத் திருப்பிக் கொண்டுவரும். ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நீண்டகாலம் நடந்த ஆய்வில் இது கணக்காகவே தெரிந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ வகை ஆபரேஷன் செய்தவர்கள் முதல் ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது வருஷம் பார்த்தால் 25 சதவீதம். நூறு கிலோ ஆள் 68க்கு வந்து, 75ல் நின்றிருக்கிறார். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். பத்து வருஷம் 25 கிலோவை இறக்கி வைத்திருப்பது சாமான்யமா? ஆனால் அந்த ஏழு கிலோ எந்த வழியாகத் திரும்பி வந்தது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

● கால்பந்து மன்னன் மாரடோனா 2005ல் கொலம்பியாவில் பைபாஸ் வகை ஆபரேஷன் செய்துகொண்டு ஆளே அடையாளம் தெரியாமல் இளைத்தார். 2015ல் வெனிசுவேலாவில் மறுபடியும் ஆபரேஷன் மேஜையில் படுத்தார்.

● திருச்சுழிப் பேருக்கு ஒரு தலக்கதை உண்டு. ஊரை மூழ்கடிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து அதன் வழியே சுழித்து இறங்க வைத்தாராம். சுருங்கிய இரைப்பையும் அப்படித்தான். கெட்டியாக இறங்குவதைத்தான் அது நிறுத்தும். கரைந்து வருவதற்கெல்லாம் துளை திறந்தே இருக்கிறது. நாலு துண்டு கோழிக்கறியை மென்று விழுங்கினால் நெஞ்சுக்குக் கீழே ‘போதும்’ என்று ஒரு இறுக்கம் வந்துவிடும். அதே வாய்க்கு ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு? கடித்ததும் பொடியாகி, எச்சிலில் கூழாகி வழுக்கிக்கொண்டே போகும். இறுக்கமே வராது.

மதினிக்கு எடை நின்றுபோன மாசத்தில் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். மதுரைக்குச் செக்கப்புக்குப் போகிற பஸ். மடியில் கால் கிலோ சேவுப் பொட்டலம், செய்தித்தாளில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டில் பிரித்தவர், ஒவ்வொன்றாகத்தான் எடுத்து வாயில் போட்டார். காரியாபட்டி தாண்டும்போது பேப்பரில் மிளகுத்தூள் மட்டும் இருந்தது. “சோறு நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது தம்பி, அப்புறம் எப்படி எடை குறையாம நிக்கிது?” என்று அவர் என்னிடம் கேட்டது அதற்கு அடுத்த நிமிஷம். பொய் சொல்லவில்லை, சேவு அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. எண்ணெயில் பொரித்த கடலைமாவுப் பண்டம் 100 கிராமில் 500 கலோரிக்குக் குறையாது. அதே எடை தோலில்லாத கோழிக்கறி, சமைத்தது, 165 கலோரி பக்கம்.

மிக்சர், பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம், கடலைமிட்டாய் எல்லாம் இந்தக் குலம்தான்.

● கம்மங்கூழை நான் குறை சொன்னால் ஊருக்குள் விடமாட்டார்கள். கம்பு நல்ல தானியம். ஆனால் கரைத்துக் குடித்தால் கொஞ்ச நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும், மறுபடி பசிக்கும், மறுபடி ஒரு சொம்பு. அதே தானியத்தைக் களியாகவோ, இந்தப் பக்கம் விளைகிற குதிரைவாலியைச் சோறாகவோ ஆக்கி, கெட்டியான தட்டப்பயறுக் குழம்போடு மென்று தின்றால் வயிறு நேரம் தாங்கும். ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களுக்கு இது பொருந்தாது. அப்போது திரவம், பிறகு மசியல் என்று டாக்டர் சொல்கிற வரிசைதான்.

● நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும். சதை கரைந்தால் உடம்பு எரிக்கும் கலோரி இன்னும் குறையும். மதினிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் தந்த உணவுப் பட்டியல் முழுக்க ஆங்கிலம். புரோக்கோலி, கினோவா, கிரேக்கத் தயிர். பந்தல்குடி சந்தையில் கிரேக்கத் தயிருக்கு எங்கே போக? உட்கார்ந்து நாங்களே கணக்குப் போட்டோம். முட்டை ஒன்று 6 கிராம். ஒரு டம்ளர் பால் 6. காணப்பயறு ஒரு கைப்பிடி, 30 கிராம், வேகவைத்தால் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கண்மாய்க் கெண்டையோ கடல் மீனோ 100 கிராம் சதை 20 பக்கம். இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினால் அதிகம். கணக்கு முடிந்ததும் மதினி ஒரு முடிவுக்கு வந்தார்: தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. நம் ஊர்ச் சாப்பாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த வரிசை இது. பழக ஆறு மாசம் ஆனது.

● சொம்பை அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பது நம் வழக்கம். சுருங்கிய இரைப்பைக்கு இது ஆகவே ஆகாது. தண்ணீரோடு காற்றும் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இந்தக் கரிசல் காட்டில் வேர்த்து ஊற்றும், ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாது. ஆபரேஷன் ஆனவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேரும் காரணங்களில் நீர்வறட்சிக்கு முக்கிய இடம். பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒருதரம் இரண்டு மடக்கு, நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். சாப்பிடும்போது வேண்டாம், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரத்துக்கும் வேண்டாம். சாப்பாட்டோடு குடித்தால் கெட்டியானதும் கரைந்து சேவுக் கதையாகிவிடும். தாகத்துக்குச் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு தாராளமாகக் கடிக்கலாம்.

● காளிமார்க் கம்பெனி 1916ல் பிறந்தது நம் விருதுநகரில். அவர்களுடைய போவாண்டோ மேல் எனக்கும் பாசம் உண்டு. என்றாலும் சோடா, கலர் எதுவும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வேண்டாம்: உள்ளே போன வாயு உப்ப இடமில்லை, சர்க்கரை வேறு.

● பைபாஸ் செய்தவர் ஒரு பட்டை நிறையப் பதநீர் குடித்தால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, கழிச்சல் வரலாம். சர்க்கரை மொத்தமாகக் குடலில் கொட்டுவதால் வருவது. டாக்டர்கள் ‘டம்பிங்’ என்பார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் சிலசமயம் உண்டு. பதநீர், கருப்பட்டி என்பதற்காக உடம்பு சலுகை தராது. நுங்கு தேவலை.

● ஆபரேஷன் ஆன மூன்று, நாலு மாசத்தில் முடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் தானே நின்று திரும்ப முளைக்கும். புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குள் பத்து எண்ணெய் வாங்கிவிடுகிறோம்.

● வைட்டமின் பி12ஐ உடம்பு சேர்த்துக்கொள்ள இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வேண்டும். வெட்டிய வயிற்றிலும், பைபாஸில் ஒதுங்கிய வயிற்றிலும் அந்தத் துணை குறைந்துபோகிறது. வேடிக்கை என்னவென்றால், கல்லீரல் பல வருஷத்துக்கான பி12ஐச் சேமித்து வைத்திருக்கும். குலுக்கையில் போட்டுவைத்த தானியம் மாதிரி. அதனால் மாத்திரையை நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று விட்டவருக்கு இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் பாதம் மதமதக்கும், நாக்கு வழவழப்பாகி எரியும், நடை தள்ளாடும். நரம்பு அளவுக்கு மீறிக் கெட்டால் முழுசாகத் திரும்பாது. ஆயுசுக்கும் மாத்திரை அல்லது ஊசி, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மதினி அதை விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் என்று வைத்திருக்கிறார். தேதி மறக்கும், பொங்கல் மறக்காது.

● இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை கூடவே கூடாது.

● விடாமல் வாந்தி எடுப்பவரை ‘பித்தம்’ என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். தயமின் என்ற பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையைப் பாதிக்கும். இதில் நாள் கடத்த நேரமில்லை.

● 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது நம் ஊர்த் திண்ணை வரை வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டிலேயே தந்துவிட்டுப் போகிறார்கள். எடை இறங்க இறங்க அந்த மாத்திரையின் அளவும் குறையவேண்டும். பழைய அளவையே விழுங்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், சுகர் மளமளவென்று இறங்கும். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லி, டாக்டரிடம் அளவைத் திருத்தி வாங்குங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் ‘ரெண்டு வலி மாத்திரை குடுங்க’ என்று கேட்பதை, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்கள், அடியோடு விடவேண்டும். இரைப்பையும் குடலும் சேர்ந்த தையலில் புண் வரும்.

● பைபாஸுக்குப் பிறகு அதே குவார்ட்டர் முன்னைவிடச் சீக்கிரம் ஏறும், கூடுதலாகவும் ஏறும். அமெரிக்காவில் 2012ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மதுவால் தொல்லைப்படுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் இருந்தார்கள். இரண்டாம் வருஷத்தில் 9.6. சோற்றில் கிடைத்த ஆறுதலைச் சிலர் வேறிடத்தில் தேடுகிறார்கள் போலிருக்கிறது.

● எடை குறைந்ததும் கரு தங்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாசம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கும் அத்தைமார்கள் கவனிக்கவும்.

● ரமண மகரிஷி பிறந்தது திருச்சுழியில், 1879 டிசம்பர் 30. 1901-02ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள்தான் ‘நான் யார்?’. எல்லா நியமங்களிலும் அளவான, சாத்விகமான உணவே மேலானது என்கிறார் அதில். அவர் சொன்னது மனம் அடங்குவதற்காக, எடைக்காக இல்லை. இருந்தாலும் ஊர்க்காரர் சொன்னதென்று மதினியிடம் எடுத்துவிட்டேன். “அவருக்குச் சாத்தூர் பக்கத்துல இல்ல, திருவண்ணாமலை போயிட்டாரு” என்றார்.

● போன மாசம் ஒரு காதுகுத்து. கறி விருந்து. பஞ்சம் பார்த்த மண்ணில் இலையில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு. போதும் என்றால் பரிமாறுகிறவர் முகம் வாடும். “என்ன மதினி, கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறீங்க, இன்னொரு கரண்டி வச்சுக்கிருங்க” என்று வாளியோடு ஒருவர் நின்றார். மதினி இலைமேல் கையை விரித்துக்கொண்டார். பக்கத்தில் ஐந்து வயதுப் பேரன். இப்போதெல்லாம் விசேஷ வீட்டில் இருவருக்கும் ஒரே இலைதான். கறித் துண்டுகளைத் தன் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக மென்றார். சோற்றுக் குவியலை அவன் பக்கம் தள்ளிவிட்டார். அவன் முறைத்துப் பார்த்துவிட்டு, சோற்றுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு துண்டை வேகமாக வாயில் போட்டுக்கொண்டான்.