"இதையெல்லாம் எதுக்குப் படம் புடிக்கிறீங்க?"



பேராவில் எந்தப் பழைய தோட்டத்துக்குள் கேமராவோடு நுழைந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். லயத்து வாசலில் காயும் துணி, தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் நீலத் தோம்பு, திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டி என்று எதை நோக்கிக் கேமராவைத் தூக்கினாலும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "இதையெல்லாம் எதுக்குப் படம் புடிக்கிறீங்க? கோயில் பக்கம் போங்க, அங்கதான் நல்லா இருக்கும்."

கேட்பவர் கேலியாகக் கேட்பதில்லை. படம் என்றால் விசேஷம், விசேஷம் என்றால் படம் என்றுதான் நம் ஆட்களுக்குப் பழக்கம். ஈப்போ கல்லுமலை தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரே நாளில் காவடிக்கு எத்தனை படம்! மறுநாள் அதே குடும்பம் பாத்திரம் கழுவி, பிள்ளைக்குச் சீருடை தேய்த்து வேலைக்குக் கிளம்புகிறதே, அதற்கு ஒரு படமும் இருக்காது. நாற்பது வருடம் கழித்து அந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டும் பேரப்பிள்ளைக்கு, தாத்தா வாழ்நாள் முழுக்கக் காவடி எடுத்தார், கல்யாணத்துக்குப் போனார் என்று மட்டும்தான் தெரியும். அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் சாப்பிட்டார், எங்கே தூங்கினார் என்பது தெரியாது.

அன்றாட வாழ்க்கையை ஒருவர் ஏன் படம் எடுக்க வேண்டும், எடுத்ததை ஏன் பிறரோடு பகிர வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது. படத்தைப் பார்த்து எழுதும் மாணவர்களுக்கும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். தோட்ட வாழ்க்கைக்குப் படமே இல்லை என்று சொல்ல முடியாது. நிறையவே இருக்கிறது. ஆனால் கேமரா யார் கையில் இருந்தது?

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து பேராவின் ரப்பர் கதை தொடங்குகிறது. முப்பது ஆண்டுகளில் தோட்டங்கள் பெருகின. அந்தக் காலத்தில்தான், 1907 வாக்கில், மேடானில் படநிலையம் வைத்திருந்த ஜெர்மானியர் கிளெய்ன்குரோத்தே மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி ஒரு பெரிய படத்தொகுப்பு வெளியிட்டார். அந்தக் காலத்து அஞ்சலட்டைகளிலும் நம்மவர்களைப் பார்க்கலாம். பால்மரத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்பார்கள். கீழே "தமிழ்க் கூலிகள்" என்று மட்டும் அச்சாகியிருக்கும். மரத்தின் வயதைக்கூடக் குறித்து வைத்த காலம் அது. மனிதனின் பெயரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் படங்களில் இன்னொரு பொய்யும் இருக்கிறது, ஆனால் அது வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. பால் வெட்டு இருட்டில் தொடங்கும் வேலை. குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஊறி வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். அந்த இருட்டைப் பிடிக்க அன்றைய கேமராவுக்கும் ஃபிலிமுக்கும் சக்தி இல்லை. அதனால் பழைய படங்களில் பால்மரத் தொழிலாளி எப்போதும் நல்ல வெளிச்சத்தில், அசையாமல், நிதானமாக நிற்கிறார். கொசுக்கடி இல்லை, காலில் அட்டை இல்லை, மழை வந்து மங்கில் தண்ணீர் கலந்து அன்றைய கூலி போச்சே என்ற பதைப்பு இல்லை. படத்தை மட்டும் நம்பினால் அது ஏதோ பூங்காவில் செய்த வேலை மாதிரி இருக்கும்.

அடுத்து வந்த கேமரா அரசாங்கத்தின் கேமரா. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே ஐசி படம்தான். சிரிக்கக் கூடாது, நேராகப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் பெயர் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் அவர்களைக் கொண்டாட எழுதியதல்ல, கண்காணிக்க எழுதியது. பல வீடுகளில் இன்றும் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படம், அந்தச் சின்ன ஐசி படத்தைப் பெரிதாக்கியதாகவே இருக்கும். வேறு படம் இல்லை, என்ன செய்வது?

இதற்கு நேர்மாறாக ஒன்று பத்து காஜாவில் இருக்கிறது. கெல்லி கோட்டைக்குச் சுற்றுலா போன மாணவர்கள் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். கோட்டை கட்டும் காலத்தில் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மாண்டார்கள் என்றும், அவர்கள் கேட்டுக்கொண்டதால் வில்லியம் கெல்லி ஸ்மித் கோயில் கட்ட உதவினார் என்றும் சொல்வார்கள். அந்தக் கோயிலின் மேலே, சாமி சிலைகளின் வரிசையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு துரையும் நிற்கிறார். தொழிலாளிகள் துரைக்கு உருவம் வைத்துப் பெயரோடு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். செங்கல் சுமந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் நம்மால் முடியுமா?

ஆகவே முதல் காரணம் இதுதான்: நம்மைப் பற்றி இருக்கும் படங்களில் பெரும்பகுதி நம்மை விற்பனைக்கோ, கணக்குக்கோ, காவலுக்கோ எடுத்தவை. ஒரு அம்மா மகளுக்குப் பேன் பார்ப்பதை எடுக்க கம்பெனிக்கும் காரணம் இல்லை, போலீசுக்கும் காரணம் இல்லை. அதை எடுக்கக் காரணம் உள்ளவர்கள் அந்த வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்.

இரண்டாவது காரணம் அவசரம். 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, ஆயாக் கொட்டகைகள் போயின. மாணவர் குறைந்து, பள்ளிகளே பட்டணத்துக்கு இடம் பெயர்ந்தன. பெயரில் மட்டும் "தோட்டத் தமிழ்ப்பள்ளி" என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளையிடம் "காண்டா வாளி"ன்னா என்ன என்று கேட்டுப் பாருங்கள். சொல் தெரியாதது பிள்ளையின் குற்றமல்ல. பார்த்ததே இல்லையே.

பட்டணத்திலும் இதே கதைதான். 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் ஈப்போ பழைய நகரச் சுவர்களில் வரைந்த ஓவியங்களில், காப்பி குடிக்கும் ஒரு முதியவரும் உண்டு. சுற்றுப் பயணிகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஓவியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உயிரோடு காப்பி குடித்துக்கொண்டிருக்கும் முதியவர் அதே ஊர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டு எடுத்த படம் எத்தனை? புந்தோங்கில் கச்சான் பூத்தே கிராமம் இருக்கிறது. விடியற்காலையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று முறுக்கு பிழிபவரின் கைகளை அவர் பிள்ளையே எடுத்து வைக்கலாம்.

சரி, எடுத்தாயிற்று. ஏன் பகிர வேண்டும்? இங்கேதான் உலக உதாரணம் இரண்டு பார்க்க வேண்டும். 1936-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாம் ஒன்றில் டோரத்தியா லாங்கே ஒரு தாயைப் பிள்ளைகளோடு படம் எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம். ஆனால் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1978-இல்தான் அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று வெளியே தெரிந்தது. நாற்பதாண்டுக் காலம் உலகம் தம் முகத்தைப் பார்த்ததே தவிர, அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார். அதற்கு முன்பே, 1908 முதல், லூயிஸ் ஹைன் என்பவர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுத்துத் திரிந்தார். அவர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொள்வார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை அளவாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார் என்பார்கள். குழந்தைத் தொழிலை ஒழிக்கப் போராடியவர்கள் அந்தப் படங்களை ஊர் ஊராகக் காட்டினார்கள். என் பார்வையில் லாங்கேயின் படம் அழகில் மேல். ஆனால் நம் தோட்டங்களுக்கு வேண்டியது ஹைனின் நோட்டுப் புத்தகம்.

தமிழில் இன்றைய உதாரணம் வேண்டுமானால் மதுரைக்காரரான எம். பழனிகுமார். அம்மா மீன் விற்பவர். அந்த அம்மாவின் உழைப்பையே அவர் படமாக்கினார். மலக்குழி அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். கடற்பாசி எடுக்கும் பெண்களையும் தொடர்ந்து எடுத்திருக்கிறார். 2014-இல் பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையத்தளத்தில் அவர் படங்கள் வருகின்றன. பெயர், ஊர், தொழில், அவர்கள் சொன்ன சொல் எல்லாம் கூடவே இருக்கும். எளிய வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பயிற்சியும் நடத்துகிறார். வெளியாள் வந்து எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதில் நமக்கு உள்ள சேதி.

பகிர்வதால் என்ன நடக்கும்? 1970-களில் எடுத்த ஒரு தோட்டத்துப் பூப்பந்தாட்டக் குழுப் படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டுப் பாருங்கள். "ரெண்டாவது நிக்கிறது எங்க மாமா", "பின்னாடி தெரியுதே, அது கிராணி வீடு", "அந்த மரத்தை அப்புறம் வெட்டிட்டாங்க" என்று ஒவ்வொருவராக வருவார்கள். பெட்டிக்குள் இருந்தபோது அது வெறும் ஒன்பது பேர். பகிர்ந்த பிறகு ஒன்பது பெயர், ஒரு வீடு, ஒரு மரம். இந்த விவரம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இதற்கு மேல் அவசரத்தை விளக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய படம் என்றாலே "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் அதிகம். லயத்துத் திண்ணையில் ஒற்றுமை இருந்தது, சரி. பொதுக் குழாய்ச் சண்டையும் இருந்தது, கள்ளுக்கடைக் கடனும் இருந்தது, தோட்டம் மூடினால் வேலையோடு வீடும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதைப் போலவே, ஏழ்மையைக் காட்டி இரக்கம் தேடும் படமும் வேண்டாம். எடுக்கும் முன் கேட்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பொதுவில் போடக் கூடாது. "வேணாம்பா" என்று ஒரு பாட்டி சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். அடுத்த தடவை அவரே கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை சொல்வார்.

இனி, தேர்வு எழுதும் மாணவர்களுக்கு. படத்தைப் பார்த்து எழுதும்போது பலரும் "படத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அருகில் ஒரு சிறுமி இருக்கிறாள்" என்று எண்ணிக்கை எடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி எழுதுவது தவறில்லை, ஆனால் போதாது. கண்ணால் கண்டதை ஒரு வாக்கியத்தில் சொன்னதும், அது எதைக் காட்டுகிறது என்று அடுத்த வாக்கியத்தில் கேளுங்கள். உதாரணமாக: "தாய் மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். மகள் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். தாயோ கைநீளச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்து வேலைக்குப் புறப்படும் கோலத்தில் இருக்கிறாள். வாசலில் இன்னும் விளக்கு எரிவதால் பொழுது புலரவில்லை என்று தெரிகிறது. ஒரே வீட்டிலிருந்து ஒருத்தி பால்மரத்துக்கும் மற்றவள் பள்ளிக்கும் போகிறாள்." பார்த்தீர்களா, ஒரு அலங்காரச் சொல்லும் இல்லை. கவனம்தான் இருக்கிறது. பிறகு சட்டத்துக்கு வெளியே இருப்பதையும் யோசியுங்கள்: அப்பா எங்கே, படம் எடுத்தவர் எங்கே நிற்கிறார், அவரைப் பார்த்துச் சிறுமி ஏன் சிரிக்கவில்லை? ஊகத்தை ஊகமாகவே எழுத வேண்டும். "இருக்கலாம்", "போலும்" என்ற சொற்கள் அதற்குத்தான் இருக்கின்றன.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்க விரும்பினால், தீபாவளி விடுமுறைக்கு முன் கொடுப்பது நல்லது. பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும் நேரம் அது. ஆளுக்கு ஒரே ஒரு பழைய படம் போதும். யார், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரட்டும். "மேட்டு லயம்" என்றால் "மேட்டு லயம்" என்றே எழுதட்டும், திருத்த வேண்டாம். படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது, கிழிந்துவிடும். அப்படியே வைத்து, சன்னல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாதபடி திறன்பேசியில் எடுத்தால் போதும். முன்பக்கம் ஒன்று, எழுத்து இருந்தால் பின்பக்கம் ஒன்று. ஆசிரியருக்குப் புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் நீங்கிவிடும்.