பொத்தானை அழுத்துபவரைக் கேட்டீர்களா?

மாணவர்களே, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவை முன்பதிவு செய்ய உங்கள் குழு ஒரு செயலியை உருவாக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாரிடம் பேசுவீர்கள்? விடை சொல்லும் முன், லண்டனில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு நாள்தோறும் 2,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ஊழியர்கள் விவரங்களைத் தாளில் எழுதி, வரைபடத்தில் இடத்தைத் தேடி, வண்டிகளை அனுப்பி வந்தனர். 1992 அக்டோபர் 26ஆம் தேதி இந்த வேலை கணினிக்கு மாறியது. அருகில் உள்ள வண்டியை அதுவே தேர்ந்தெடுக்கும் என்பது திட்டம்.

ஆனால், எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? வண்டி புறப்படும்போதும் சென்று சேரும்போதும் பணியாளர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். உயிர் காக்கும் அவசரத்தில் சிலர் அதை மறந்தனர். சிலர் வரிசை மாற்றி அழுத்தினர். தவறான தகவலைக் கணினி அப்படியே நம்பியது. ஒரே இடத்திற்கு இரண்டு வண்டிகள் சென்றன. வேறு இடங்களில் மக்கள் காத்துக் கிடந்தனர். காத்திருந்தவர்கள் மீண்டும் அழைக்க, அழைப்புகள் பெருகின. திரையில் குவிந்த புதிய எச்சரிக்கைகள் பழையவற்றை மறைத்தன. நவம்பர் 4ஆம் தேதி கணினி முற்றிலும் நின்றுபோனது. ஊழியர்கள் மறுபடியும் தாளை எடுத்தனர்.

1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை பல காரணங்களைக் கூறியது. அவசரகதியில் செய்த வேலை, போதாத சோதனை ஆகியவற்றோடு, பயன்படுத்தப்போகும் ஊழியர்களை வடிவமைப்பில் போதிய அளவு சேர்க்காததும் ஒன்று. பொத்தான் அழுத்துவதில் உள்ள சிரமம் வண்டியில் செல்பவருக்குத்தானே தெரியும்?

1996இல் வந்த புதிய முறைமை வேறு வழியில் உருவானது. ஊழியர்கள் முன்மாதிரிகளைப் பயன்படுத்திப் பார்த்துக் குறைகளைச் சொன்னார்கள். அதன்பின் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

முன்மாதிரி செய்யப் பெரும் செலவு தேவையில்லை. 1980களில் சுவீடனில் நாளிதழ்ப் பக்கங்களை அமைக்கும் தொழிலாளர்கள், அட்டைப்பெட்டியை அச்சுப்பொறியாகப் பாவித்து, வரப்போகும் கணினி முறையை ஒத்திகை பார்த்தனர்.

இப்போது உங்கள் செயலிக்கு வருவோம். திரையை ஒரு தாளில் வரைந்து, உணவு விற்கும் அக்காவிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் கவனியுங்கள். இடைவேளை மணி அடித்ததும் வரிசை நீளும். அவர் கையிலோ எண்ணெய் இருக்கும். அந்தக் கையால் திரையைத் தொட முடியுமா? இந்தக் கேள்விக்கு உங்கள் குழுவால் விடை சொல்ல முடியாது, அவரால்தான் முடியும்.