யாரும் பேசாத பாஷையில் பாட்டு!
பொருள் தெரியாது, ஆனால் மனசு உருகும்!

சுங்குவார்சத்திரம்—

தமிழா? இல்லை. ஹிந்தியா? இல்லை. இங்கிலீஷா? அதுவும் இல்லை. உலகத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் பேசாத பாஷை! அந்தப் பாஷையில் பாட்டு. அதைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

எல்லாம் வீடியோ கேம் செய்யும் மாயம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் செல்போனுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 2006-ல் இங்கே நோக்கியா ஆலை வந்தது. நோக்கியா போனில் இருந்த 'பாம்பு' விளையாட்டை மறக்க முடியுமா? அதில் பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. போன் மாறியது. விளையாட்டும் மாறியது. இன்றைய கேமில் கதை உண்டு, சண்டை உண்டு, சினிமாவைப் போலப் பின்னணி இசையும் உண்டு.

ஆயிரம் வருஷம் தள்ளி!

2010-ல் ஜப்பானில் 'நியர்' என்ற கேம் வெளிவந்தது. நோயில் வாடும் சிறுமியைக் காப்பாற்றப் போராடும் கதை. இசை கெய்ச்சி ஒகாபே. பாடியவர் எமி எவன்ஸ் என்ற ஆங்கிலப் பெண்.

அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. இன்றைய மொழிகள் ஆயிரம் வருஷம் கழித்து எப்படிச் சிதைந்து ஒலிக்கும்? அதைக் கற்பனை செய்து பாட வேண்டும்! பிரெஞ்சு, போர்ச்சுகீசு, ஜப்பான் மொழி, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி ஆகியவற்றின் ஓசைகளை எடுத்துக்கொண்டார். உடைத்தார், கலந்தார், பாடினார். அகராதியில் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. 2017-ல் வந்த அடுத்த கேம் 'நியர் ஆட்டோமேட்டா', அந்த வருஷத்தின் சிறந்த கேம் இசைக்கான விருதையே தட்டிச் சென்றது!

2000-ல் வந்த 'சிம்ஸ்' கேமின் கதை வேறு. அதில் வரும் ஆட்கள் ஓயாமல் பேசுவார்கள். நிஜ வசனம் வைத்தால் நாலு நாளில் புளித்துவிடும். அதனால் நடிகர்களை விட்டு வாய்க்கு வந்தபடி உளற வைத்தார்கள். அந்த உளறலுக்கு 'சிம்லிஷ்' என்று பெயரே வந்துவிட்டது!

நம்ம ஊர் 'கிளிக்கி'

இந்த வித்தையில் தமிழனும் சளைத்தவனல்ல. 2015-ல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசிய 'கிளிக்கி' நினைவிருக்கிறதா? அதை உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. படத்துக்காக 750 சொற்கள், 40 இலக்கண விதிகள்! 'மின்' என்றால் நான். திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அதை யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்.

தாலாட்டுக்கு அகராதி எதுக்கு?

"புரியாத பாட்டை என்னத்தக் கேக்கறது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 'ஆராரோ' என்றதும் தூங்கும் குழந்தை அர்த்தம் பார்த்தா தூங்குகிறது? தில்லானாவில் 'தீம் தோம்' வரும்போது தலை தானாக ஆடவில்லையா? தாலி கட்டும் நேரத்து நாதசுரத்தில் சொல்லே கிடையாது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவளின் கண் நனைகிறதே! சொல் விலகினால் குரலே வாத்தியம் ஆகிவிடுகிறது. மூச்சும் குழைவும் காதில் விழுகின்றன. மீதி அர்த்தத்தைக் கதை கொடுத்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கனடாவின் டொராண்டோவிலிருந்து 2023-ல் வந்த 'வெண்பா' என்ற கேம், அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி சுடும் அம்மா, சமையல்கட்டு, தமிழ்ப் பாட்டு! 2024-ல் பிரிட்டனின் பாப்டா விருதும் கிடைத்தது. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத வெள்ளைக்காரர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு ஆடினார்கள். நமக்கு 'நியர்' பாட்டு எப்படியோ, அவர்களுக்கு நம் தமிழ் அப்படி!

இந்த வட்டாரத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே ஆலையில் வேலை பார்க்கிறார்கள். இவன் பேச்சு அவனுக்குப் புரியாது; தப்பாகப் பேசினால் கேலி வேறு. யாருக்கும் சொந்தமில்லாத பாஷையில் பாட்டு ஓடினால் அங்கே கேலிக்கு இடமேது? எல்லோரும் அதற்கு அசலூர்க்காரர்களே! தமிழ் தெரியாத தோழருக்கு ஒரு தமிழ்ப் பாட்டையும் போட்டுக் காட்டலாம். பேச்சு தானாகத் தொடங்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள். லாரி ஹாரனுக்கு எல்லாப் பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்!